கோபுரத்தில் தங்கலாம், சாப்பாடு எங்கே?

கொம்பனித்தெருவில் பேரே வாவிக்கு அருகே எழுந்து நிற்கும் அந்தப் பெரிய கட்டடத்தை இன்று கொழும்பில் தெரியாதவர் இல்லை. 2024 ஒக்டோபரில் 687 அறைகளோடு ‘சினமன் லைஃப்’ ஹோட்டல் திறக்கப்பட்டது. 2025 ஆகஸ்ட் 2ஆம் திகதி கசினோவும் 113 அறைகள் கொண்ட ‘நுவா’ விடுதியும் சேர்ந்துகொள்ள, வளாகம் ‘சிட்டி ஒஃப் ட்ரீம்ஸ் ஸ்ரீலங்கா’ ஆகிவிட்டது. ஜோன் கீல்ஸ் நிறுவனமும் சீனாவின் கசினோ நகரமான மக்காவில் பெயரெடுத்த மெல்கோ நிறுவனமும் கூட்டுச் சேர்ந்து 120 கோடி டாலருக்கு மேல் கொட்டிய இடம் அது. ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் விடுமுறைக்கு வரும் நம் உறவுகள் இப்போது வெள்ளவத்தையில் பெட்டியை இறக்கிய கையோடு, “அங்கே ஓரிரவு தங்கிப் பார்ப்போமா?” என்று கேட்கிறார்கள். அடுத்த கேள்வி தானாகவே வருகிறது: குடும்பத்தோடு ஒரு பெரிய இராச்சாப்பாடு வைத்துக்கொள்வதென்றால் அதற்குள்ளேயே வைப்பதா, வெளியே போவதா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படுக்கை உள்ளே இருக்கட்டும். பணத்தைத் தாராளமாகச் செலவழிக்கப்போகும் அந்த ஒரு சாப்பாடு வெளியே இருக்கட்டும். மக்காவுக்குப் போகிறவருக்கு இதே ஆலோசனையைச் சொல்ல மாட்டேன். அங்கேயும் இங்கேயும் சமையற்கட்டுக்குக் காசு வரும் வழி வேறு.

கசினோ நகரங்களில் சாப்பாடு தொடக்கத்தில் ஆளைப் பிடித்துவைக்கும் தந்திரமாகவே இருந்தது. 1940களில் லாஸ் வேகாஸின் எல் ராஞ்சோ விடுதி மலிவு விலையில் வயிறு முட்டச் சாப்பிடும் புபேயை வைத்தது. பசியெடுத்த சூதாட்டக்காரர் மேசையை விட்டு எழுந்து வேறெங்கும் போய்விடக் கூடாது என்பதுதான் கணக்கு. 1992இல் சமையற்கலைஞர் வுல்ஃப்கேங் பக் தன் ‘ஸ்பாகோ’ உணவகத்தை அந்த நகரத்தில் திறந்த பிறகு காற்றுத் திசை மாறியது. பெயர்பெற்ற சமையற்கலைஞர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். மக்காவ் இன்னும் ஒரு படி மேலே போனது. கிராண்ட் லிஸ்போவா கோபுரத்தின் உச்சியில் ‘ரோபுஷோன் ஓ டோம்’, மெல்கோவின் அங்குள்ள வளாகத்தில் ‘ஜேட் ட்ராகன்’ என மூன்று மிஷெலின் நட்சத்திரம் பெற்ற உணவகங்கள் சூதாட்ட மண்டபங்களின் தலைக்கு மேலேயே இயங்கின. கீழே மேசையில் விழும் பணம் மேலே அடுப்பின் செலவைத் தாங்கிக்கொள்ளும். அப்படிப்பட்ட ஊரில் விடுதியை விட்டு வெளியே போய் நல்ல சாப்பாடு தேடுகிறவர் வீணாக அலைகிறார்.

கொழும்பின் கதை தலைகீழ். காலிமுக ஹோட்டல் 1864இலிருந்து கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ‘நிஹொன்பாஷி’ உணவகம் 1995இல் வந்தது, ‘கேலரி கஃபே’ 1998இல், ‘மினிஸ்ட்ரி ஒஃப் கிராப்’ 2011 டிசம்பரில். இந்த ஊரின் நல்ல அடுப்புகள் எல்லாம் கோபுரம் எழுவதற்கு முன்பே, கசினோவின் தயவில்லாமல், தங்கள் சொந்தக் காலில் நின்றவை. அவை அனைத்தும் கொம்பனித்தெருவிலிருந்து இரண்டு மூன்று கிலோமீற்றருக்குள் இருக்கின்றன. இன்னொன்று: உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுக்கும் மிஷெலின் வழிகாட்டி இலங்கைக்கு வருவதில்லை. விளம்பரத்தில் ஐந்து நட்சத்திரம் என்று பார்த்தால் அது ஹோட்டலுக்குக் கிடைத்தது, குழம்புச் சட்டிக்குக் கிடைத்தது அல்ல.

உள்ளேயே சாப்பிட்டால்

இதனால் வளாகத்துக்குள் சாப்பிடுவதே தவறு என்று ஆகிவிடாது. முழங்கால் வலியோடு வரும் அம்மம்மா, மாலை ஏழு மணிக்கே கண் சொருகும் குழந்தை, ஒக்டோபர் மாதத்துப் பின்னேர மழை என்று இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் லிப்டில் இறங்கி மேசைக்குப் போவதே புத்தி. அரைத் தூக்கத்தில் இருக்கும் பிள்ளையைக் காலி வீதி நெரிசலில் அரை மணி நேரம் மடியில் வைத்துக்கொண்டு போய்ச் சாப்பிடும் எந்த நண்டும் ருசிக்காது. உயரத்திலிருந்து வாவியையும் துறைமுகத்தையும் பார்ப்பதற்கும் ஒரு விலை உண்டு. அதைக் காலைச் சாப்பாட்டில் கொடுப்பது மேல். பெரும்பாலும் அறைக் கட்டணத்திலேயே அது அடங்கிவிடும், வெளிச்சமும் இருக்கும். இரவில் கண்ணாடிக்கு அப்பால் தெரிவது விளக்குகளும் நம் முகங்களும் மட்டுமே.

உணவகங்களுக்குப் போகக் கசினோ தளத்தை மிதிக்க வேண்டியதில்லை. இதை எடுத்துச் சொல்லக் காரணம் இருக்கிறது. இலங்கைக் குடியுரிமை உள்ளவர் கசினோவுக்குள் நுழைவதற்கே டாலர் கணக்கில் வரி கட்ட வேண்டும். கனடாக் கடவுச்சீட்டோடு வந்திருக்கும் தம்பிக்கு அது இல்லை. கூட்டிக்கொண்டு போகும் கொழும்பு அண்ணாவுக்கு உண்டு.

நகரத்தின் பழைய கசினோக்களில் ஆடுகிறவர்களுக்குச் சாப்பாடும் குடியும் இலவசம் என்பது ஊரறிந்த செய்தி. அதையும் ஒரு தெரிவாகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எல் ராஞ்சோவின் அதே பழைய கணக்குத்தான். விலை தட்டில் எழுதியிருக்காது, அவ்வளவுதான்.

நண்டு: கோட்டையா, கொள்ளுப்பிட்டியா

வெளியே போவது என்று முடிவெடுத்தால் பத்தில் எட்டுப் பேர் சொல்லும் பெயர் ‘மினிஸ்ட்ரி ஒஃப் கிராப்’. கொழும்பின் கோட்டைப் பகுதியில், உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரங்களுக்கு எதிரே, பதினேழாம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் கட்டிய வைத்தியசாலைக் கட்டடத்தில் இருக்கிறது. சமையற்கலைஞர் தர்ஷன் முனிதாசவும் கிரிக்கெட் வீரர்கள் குமார் சங்கக்காரவும் மஹேல ஜயவர்தனவும் சேர்ந்து தொடங்கியது. ஆசியாவின் சிறந்த 50 உணவகங்கள் பட்டியலில் பல ஆண்டுகள் இடம்பிடித்தது. நம் களப்புகளில் பிடிபடும் பெரிய நண்டெல்லாம் சிங்கப்பூருக்குக் கப்பலேறிக்கொண்டிருந்த காலத்தில், அதில் முதல்தரத்தை இங்கேயே நிறுத்திவைத்துப் பரிமாறினால் என்ன என்ற யோசனையிலிருந்து பிறந்த கடை. உறைபெட்டி வைத்திருப்பதில்லை என்பது அவர்கள் கொள்கை. நண்டுகளை எடைப்படி வகுத்திருக்கிறார்கள். அரைக் கிலோவில் தொடங்கி இரண்டு கிலோ வரை போகும். உச்சத்தில் இருப்பதற்குக் ‘கிராப்ஸில்லா’ என்று பெயர். மிளகு நண்டு, மிளகாய் நண்டு, உள்ளியும் ஒலிவ் எண்ணெயும் ஜப்பானிய சோயாவும் சேர்ந்த நண்டு என்று வகைகள். கூடவே விறகடுப்பில் வெந்த பாண்.

பெரியம்மா ஒருவரோடு அங்கே சாப்பிட்டதை நினைத்துக்கொள்கிறேன். காரைநகர்க்காரர். கழுத்தில் கட்டிவிட்ட துணியைச் சகித்துக்கொண்டார். பக்கத்தில் வைத்த இடுக்கியைத் தொடவில்லை. கால் ஒன்றை எடுத்து மூட்டில் திருகி, கடைவாயில் வைத்து ஒரு கடி. ஓடு நெடுக்காகப் பிளந்தது. சதை சிதையாமல் ஒரே துண்டாகக் கையில் வந்தது. பெரிய கொடுக்குக்கு மட்டும் பல் போதவில்லை, இடுக்கியை என்னிடம் தள்ளினார். அதை உடைத்ததும் உள்ளே குழந்தையின் கைமுட்டி அளவு வெள்ளைச் சதை. மிளகுச் சாற்றில் தோய்த்துச் சாப்பிட்டுவிட்டு, “சதை நல்ல சதைதான். ஆனால் இது நண்டு, நண்டுக்கறி இல்லை” என்றார்.

அதைவிடச் சரியாக அந்த இடத்தை யாரும் விமர்சித்து நான் கேட்டதில்லை. அங்கே சமைப்பது சேற்று நண்டு: தடித்த ஓடு, அடர்ந்த சதை, நிறைந்த பெருங்கால். குழம்பு அதற்குள் அவ்வளவாக இறங்காது, இறங்கவும் தேவையில்லை. சதையின் சொந்த இனிப்பைக் கேட்கத்தான் இவ்வளவு பணம் கொடுக்கிறோம். யாழ்ப்பாணத்து வீடுகளில் பெரும்பாலும் கறிக்கு வருவது நீலக்கால் நண்டு. ஓடு மெல்லியது, சதை மென்மையானது, நடுவில் இரண்டாக வெட்டிப் போட்டால் தூளும் தேங்காய்ப்பாலும் ஒவ்வோர் அறைக்குள்ளும் புகுந்துவிடும். இறக்கும் நேரத்தில் ஒரு கைப்பிடி முருங்கையிலை, ஆறியதும் தேசிக்காய்ப்புளி. இரண்டும் நண்டுதான் என்றாலும் சாப்பிடுகிற காரியம் வேறு. ஒன்றைச் சாப்பிட்டுக்கொண்டே மற்றதை எதிர்பார்க்கிறவர் இரண்டு இடத்திலும் ஏமாறுவார்.

அந்த மற்றதற்கு, கொழும்பு ஹோட்டல்களுக்குள் எனக்குத் தெரிந்த உருப்படியான முகவரி கொள்ளுப்பிட்டி காலி வீதியில் ரேணுகா ஹோட்டலின் ‘பல்மைரா’. கட்டடத்தின் அடித்தளத்தில் இருக்கிறது. கடல் தெரியாது, வானம் தெரியாது, படம் எடுத்துப் போட ஒரு மூலையும் இல்லை. யாழ்ப்பாணத்து நண்டுக்கறி, ஆட்டிறைச்சிக் கறி, அப்பம், இடியப்பம் என்று கேட்கலாம். வறுத்த கொத்தமல்லியும் பெருஞ்சீரகமும் வெந்தயமும் மிளகாயோடு சேர்ந்து இடிபட்ட தூளின் மணம், மேசைக்குத் தட்டு வரும் முன்பே வந்துவிடும். பெரிய ஹோட்டல் புபேக்களில் ‘ஜஃப்னா’ என்று சிறு அட்டை நட்டு வைத்திருக்கும் சிவப்புக் குழம்பை நம்பி ஏமாந்தவர்களுக்கு இது ஆறுதல். பரிமாறுவதில் ஆரவாரம் இல்லை. விலையும் கோட்டையில் கேட்கும் விலை அல்ல. அங்கே ஒரு பெரிய நண்டுக்கு ஐந்து இலக்கத்தில் கொடுப்பதை வைத்து இங்கே ஒரு குடும்பமே சாப்பிட்டு எழும்பலாம்.

அப்படியானால் எது? வீட்டில் அம்மாவின் நண்டுக்கறி இன்னும் கிடைக்கிறவர் கோட்டைக்குப் போகட்டும். அந்த அளவு நண்டை வீட்டுச் சட்டி தாங்காது. வெளிநாட்டில் பிறந்து, தமிழ்ச் சாப்பாட்டைக் கொண்டாட்ட மண்டபங்களில் மட்டும் கண்ட பிள்ளைகளைக் கூட்டிவருகிறவர் முதலில் கொள்ளுப்பிட்டிக்குப் போகட்டும். வெள்ளைக்கார மருமகனோ மருமகளோ கூட வந்தால் மறுபடியும் கோட்டை: கையால் உடைத்துச் சாப்பிடும் வேடிக்கை யாருக்கும் பொது, உறைப்பும் கட்டுக்குள் இருக்கும். பணம்தான் தடையென்றால் அரைக் கிலோ நண்டு இரண்டு பேருக்கு என்று நினைத்து ஏமாற வேண்டாம். ஓடு போனால் மிஞ்சுவது கொஞ்சம். ஆளுக்கொரு சிறியதைவிட, நடுவில் ஒரு பெரியதும் சுற்றிவர இறாலும் பாணும் என்று வைத்துக்கொள்வது நல்ல கணக்கு.

மற்றவை

காலிமுக ஹோட்டலைப் பொறுத்தவரை என் யோசனை வேறு. இரவுச் சாப்பாட்டுக்குப் போகாதீர்கள், மாலைத் தேநீருக்குப் போங்கள். கொழும்பில் ஆண்டு முழுவதும் சூரியன் ஆறு மணியைச் சுற்றித்தான் விழும். அந்த நேரத்தில் பாக்பைப் ஊதிக்கொண்டு கொடியிறக்குவதைப் பார்த்துக்கொண்டே கடல்முற்றத்தில் உட்காரலாம். நூற்றறுபது ஆண்டுப் பழைமைக்கு அந்தத் தேநீரின் விலை நியாயம். தட்டைக் கவனிக்காமல் விட்டால் காகங்கள் பங்குக்கு வந்துவிடும்; உயர்தர விருந்தோம்பலிலும் அவற்றுக்கு ஒரு வழி இன்னும் கிடைக்கவில்லை.

அல்ஃபிரட் ஹவுஸ் வீதியிலுள்ள ‘கேலரி கஃபே’, நாடாளுமன்றக் கட்டடத்தை வடிவமைத்த ஜெஃப்ரி பாவா ஒரு காலத்தில் அலுவலகமாக வைத்திருந்த வீடு. முற்றத்தைச் சுற்றி மேசைகள், சுவரில் ஓவியங்கள். அங்கே பெயர்போனது கறுத்த பன்றியிறைச்சிக் கறி. அது வேண்டாதவர்கள் இனிப்பு வகைகளுக்காகப் போகலாம். புதிதாக மணமானவர்களுக்கும், நீண்ட நாள் கழித்துச் சந்திக்கும் நண்பர்களுக்கும் ஏற்ற இடம். பத்துப் பேர் கொண்ட குடும்பம் போனால் பக்கத்து மேசைக்காரர்கள் பாவம்.

அந்தப் பத்துப் பேருக்குச் சினமன் கிராண்ட் ஹோட்டல் வளவு பொருந்தும். அங்குள்ள ‘லகூன்’ உணவகத்தில் பனிக்கட்டிமேல் அடுக்கியிருக்கும் மீனையும் இறாலையும் நாமே தெரிந்தெடுத்து, எப்படிச் சமைக்க வேண்டும் என்றும் சொல்லலாம். மீன் வாங்குவதில் அனுபவமுள்ள மாமாக்களுக்கு இதைவிட மகிழ்ச்சி வேறில்லை. செவுளைத் தூக்கிப் பார்க்காமல் அவர்களைத் தடுப்பதுதான் சிரமம். அதே வளவில் ஒரு பழைய ஆலமரத்தின் கீழ் ‘நுக கம’ என்று சிங்களக் கிராமம் ஒன்றை அமைத்து, மண்சட்டிச் சமையலைப் புபேயாக வைக்கிறார்கள். கொஞ்சம் நாடகம்தான். பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

சீனச் சாப்பாடென்றால் 2017இல் திறந்த ஷங்ரி-லாவின் ‘ஷங் பேலஸ்’. ஜப்பானியச் சாப்பாடென்றால் முனிதாசவின் ‘நிஹொன்பாஷி’. அவருடைய தாய் ஜப்பானியர், அந்தக் கைப்பழக்கம் அங்கே தெரியும். ஆனால் ரொறன்ரோவிலிருந்து வந்தவரை டிம்சம் சாப்பிடக் கூட்டிப்போவதில் என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

சைவக்காரர்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நம் உறவுகள் பெருவாரியாக வரும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில்தான் ஆடிவேலும் நல்லூரும். நல்லூரில் கொடியேறினால் 25 நாளும் மச்சம் தொடாத வீடுகள் எத்தனை! அந்த நாட்களில் நண்டுக்கு மேசை பதிந்துவிட்டுப் பிறகு மாமி முறைத்தால் குற்றம் யாருடையது? விமான டிக்கெட் திகதியைப் பார்க்கும்போதே கொடியேற்றத் திகதியையும் பாருங்கள். நண்டை அதற்கு முன்போ தீர்த்தத்துக்குப் பின்போ தள்ளுங்கள். சைவச் சாப்பாட்டில் கொழும்பின் உயர்தர உணவகங்கள் பொதுவாகவே சோர்ந்துபோகின்றன. பனீரும் காளானும் வைத்துவிட்டுக் கடமை முடிந்ததென்று நினைக்கிறார்கள். சினமன் கிராண்டில் தென்னிந்தியச் சமையலுக்கென்றே இருக்கும் ‘சட்னீஸ்’ விதிவிலக்கு. அல்லது மினுக்கத்தை மறந்து வெள்ளவத்தை ‘சண்முகாஸ்’ போய்த் திருப்தியாகச் சாப்பிட்டுவிட்டு, மிஞ்சிய காசில் கோபுரத்தில் ஒரு தேநீர் குடிக்கலாம்.

பில் வரும்போது

பட்டியலில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால் கவனம். பத்து வீதம் சேவைக் கட்டணம், இரண்டரை வீதம் சமூகப் பாதுகாப்பு வரி, 2024 ஜனவரியிலிருந்து 18 வீதமாக நிற்கும் வற் வரி என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். 10,000 ரூபா என்று கண்டது பில்லில் 13,300 ஆகியிருக்கும். எட்டுப் பேர் சாப்பிட்ட மேசையில் இந்த வித்தியாசமே இன்னொரு நாள் சாப்பாடு. மேசை பதியும்போதே வரிகள் உட்பட்ட விலையா என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சேவைக் கட்டணம் எடுத்த பிறகும் பரிமாறியவர் கையில் ஏதாவது கொடுப்பது உங்கள் மனம், கட்டாயம் கிடையாது.

போயா எனப்படும் முழுநிலா நாட்களில் நாடெங்கும் மதுபானம் விற்பதில்லை. வைனோடு சாப்பிட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர் நாட்காட்டியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். குடிக்காத குடும்பங்களுக்கோ அது நல்ல நாள். குடிக்கு வருகிற கூட்டம் அன்று இருக்காது.

இரண்டு இரவு தங்குகிற நான்கு பேர் கொண்ட குடும்பம் ஒன்று நாளைக்கே என்னிடம் கேட்டால் இப்படிச் சொல்வேன். வந்திறங்கிய அன்று, களைப்போடு, வளாகத்துக்குள்ளேயே இலேசாக ஏதாவது. மறுநாள் மதியம் பல்மைரா. மாலை ஐந்தரைக்குக் காலிமுக ஹோட்டலின் முற்றம், ஆளுக்கொரு தேநீர் மட்டும், வடையும் கேக்கும் வேண்டாம், வயிறு வேண்டும். இருட்டியதும் அங்கிருந்து கோட்டைக்கு ஓட்டோவில் சில நிமிடம். நண்டுக்கு மேசையை விமானம் ஏறுவதற்கு முன்பே பதிந்துவிடுங்கள். பெரிய எடை வேண்டுமென்றால் அதையும் அப்போதே சொல்லிவையுங்கள், இரவு ஒன்பது மணிக்குப் போய்க் கேட்டால் பெரும்பாலும் தீர்ந்திருக்கும். நல்ல சட்டை போடலாம், வெள்ளைச் சட்டை மட்டும் வேண்டாம்.